ஏழாம் ஆண்டின் கடன்

ஆறு ஆண்டு உழுது விதைத்த நிலத்தை ஏழாம் ஆண்டு தரிசாகப் போட வேண்டும். தானாய் விளைந்ததை ஏழையும் பறிக்கலாம், காட்டு விலங்கும் மேயலாம் என்ற யூதச் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். எபிரேயத்தில் அதற்கு 'ஷ்மிட்டா' என்று பெயர். 'விட்டுவிடுதல்' என்று பொருள். வயலோடு அது நிற்கவில்லை. அந்த ஆண்டு முடியும்போது, வராத கடனையும் விட்டுவிட வேண்டும் என்கிறது உபாகமம் 15-ஆம் அதிகாரம். ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்து இல்லாதவனுக்குக் கையை மூடிக்கொள்ளாதே என்றும் அங்கேயே எச்சரிக்கிறது.

எச்சரித்தும் மூடிக்கொண்டார்கள். கொடுத்த பணம் திரும்பாது என்று தெரிந்தால் யார் கொடுப்பார்? விதைத் தானியத்துக்கு வழியில்லாத குடியானவன் வாசல் வாசலாக ஏறி இறங்கினான்.

இதைக் கண்டு மனம் பொறுக்காதவர் ஹில்லேல். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்து, ஏரோது மன்னன் காலத்தில் வாழ்ந்த ஞானி. கூலிவேலை செய்து, அதில் பாதியைப் பாடசாலை வாயிற்காவலனுக்குக் கொடுத்துப் படித்தவர் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான தால்முத். அவர் கொண்டுவந்த பத்திரத்துக்கு 'புரோஸ்புல்' என்று பெயர். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். கடன் கொடுத்தவர் தானே போய்க் கேட்பதைத்தான் சட்டம் தடுத்தது. நீதிமன்றத்தின் கைக்குப் போன கடன் ரத்தாகாது. ஆகவே, 'என் பாக்கிகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன், வேண்டும்போது வசூலித்துக்கொள்வேன்' என்ற பொருளில் நீதிபதிகள் முன் எழுதி, அவர்களோ சாட்சிகளோ கையெழுத்திட்டால் போதும். கடனாளிக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை. இல்லாவிட்டால் கொடுப்பவரே துளி இடம் தரலாம். அடுப்பு வைக்க இரவல் கொடுத்த இடம்கூடச் செல்லும்!

வேதத்தை வளைத்த தந்திரம் இது என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழைக்காகப் பிறந்த சட்டம் ஏழையின் கழுத்தையே நெரித்தபோது, அந்தப் பிடியைத் தளர்த்திய கை அது.

1950-களின் தொடக்கத்தில், சாக்கடலை ஒட்டிய முரபாத் குகைகளில் அரமேய மொழிக் கடன் பத்திரம் ஒன்று கிடைத்தது. நீரோ மன்னனின் 2-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 55-56 வாக்கில் எழுதியது. தொகை 20 ஸூஸ் வெள்ளிக்காசு. ஏழாம் ஆண்டாகவே இருந்தாலும் திருப்பித் தருவேன் என்று கடன் வாங்கியவரே அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

(தொடரும்)