முதல் பக்கம் யாருக்கு?

நாளிதழ் என்றதும் கொட்டை எழுத்துத் தலைப்புதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு காலத்தில் பெரிய பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் செய்தியே இருக்காது என்றால் நம்புவீர்களா?

1958 வரைக்கும் 'தி இந்து'வின் முதல் பக்கத்தில் விளம்பரங்கள்தான். லண்டன் 'டைம்ஸ்' முதல் பக்கத்துக்குச் செய்தியைக் கொண்டுவந்தது 1966 மே 3-ம் தேதி! காரணம் எளிது. இவற்றை வாங்கியவர்களில் பலர் வக்கீல்கள், அதிகாரிகள், வியாபாரிகள். சந்தா கட்டியிருந்தால் பேப்பர் தானாக வீட்டுக்கு வந்துவிடும். அவர்களைத் தலைப்பு போட்டுக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. அதனால் முதல் பக்கத்தை விளம்பரதாரருக்கு விற்றார்கள்.

தமிழில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1899-ல் அது நாளிதழானது. அந்தக் காலத்துப் பத்திரிகைத் தமிழில் கூட்டத்துக்கு 'அக்கிராசனர்' இருப்பார், தேர்தலில் 'அபேட்சகர்' நிற்பார், சங்கத்துக்குக் 'காரியதரிசி' உண்டு. படித்தவர்களுக்கு இது புரிந்தது. மற்றவர்கள்?

அந்த மற்றவர்களைத் தேடிப் போனவர் சி.பா. ஆதித்தனார். லண்டனில் பாரிஸ்டர் படித்த அவர், அங்கே 'டெய்லி மிரர்' சாதாரண மக்களிடம் விற்ற விதத்தைக் கவனித்து, 1942-ல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். பெட்டிக்கடையில் கையில் இருக்கும் சில்லறைக்கு அன்றைய பேப்பரை மட்டும் வாங்குபவர்தான் அதன் வாடிக்கையாளர். தூரத்திலிருந்தே அவர் கண்ணில் தலைப்பு பட வேண்டும். டீக்கடையில் ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்பார்கள், எனவே வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும். முதல் பக்கத்தின் வடிவத்தையும் மொழியையும் சேர்த்தே மாற்றியது இந்தப் புதிய வாசகர்தான்.

திராவிட இயக்கமும் தனித்தமிழ் இயக்கமும் வளர, அக்கிராசனர் தலைவரானார், அபேட்சகர் வேட்பாளரானார், காரியதரிசி செயலாளரானார். எழுத்தும் மாறியது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்தை 1978-ல் தமிழக அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை எழுத்துகளில் யானைத் துதிக்கை போல வளைந்திருந்த கொம்பு போய்விட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அச்சு வைத்துக் கையால் கோத்த காலத்தில் பிறந்த யோசனை இது.

இப்போது? பண்டிகை நாட்களில் பேப்பரைக் கையில் எடுங்கள். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் முதல் பக்கத்தையே போர்வை போல மூடியிருக்கும். செய்தி உள்ளே! வணிகவியல் கணக்கில் இதில் ஆச்சரியமே இல்லை. நாம் கொடுக்கும் விலை, பேப்பரும் மையும் வாங்கவே போதாது. மீதியைக் கட்டுபவர் நல்ல இடத்தைத்தான் கேட்பார்.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்தக் காலத்து விளம்பரம் விளம்பரமாகவே தெரிந்தது. இன்று தேர்தல் நேரத்தில் தலைப்பு, பத்தி, படம் எல்லாம் வைத்துச் செய்தி மாதிரியே சில விளம்பரங்கள் வருகின்றன. மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கும். முதன்முறை ஓட்டுப் போடப் போகிறவர் அந்த மூலையைப் பார்ப்பாரா?

எளிய வாசகரை நம்பித்தான் செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது. அவர் மட்டும் ஏமாறக்கூடாது. அடுத்த முறை பேப்பரைப் பிரிக்கும்போது, தலைப்பைப் படிப்பதற்கு முன்னால் மூலையைப் பாருங்கள்.