ஒரு டிஸ்க், பல கணினிகள், ஒரு பூட்டு

நம் வீட்டுக் கணினியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் அந்த ஒரு கணினிக்குத்தான் சொந்தம். அதே டிஸ்க்கில் நான்கைந்து சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஒன்று எழுதியதன் மேல் இன்னொன்று எழுதி, கோப்புகள் எல்லாம் பாழாகிவிடும். இதைத் தடுக்கத்தான் பூட்டு. ஒரு கோப்பை மாற்ற நினைக்கும் சர்வர் முதலில் அதன் பூட்டை வாங்க வேண்டும். மற்றவை காத்திருக்க வேண்டும். சரி, அந்தக் காத்திருப்பு முடியாமலே போனால்? யார் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வி பழையது. 1983ல் அமெரிக்காவின் டெக் நிறுவனம் வாக்ஸ்கிளஸ்டரை அறிவித்தது. பல வாக்ஸ் கணினிகள் சேர்ந்து ஒன்றுபோல் இயங்கும் ஏற்பாடு அது. அதில் பூட்டு விவரங்களை ஒரே இடத்தில் குவிக்காமல் எல்லாக் கணினிகளும் பங்கிட்டு வைத்துக்கொண்டன. பூட்டில் ஆறு வகை உண்டு. 'நான் விட மாட்டேன், நீ முதலில் விடு' என்று இரண்டு நிரல்கள் ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்தால், அந்த முடிச்சைத் தேடிப் பிடிக்கும் வசதியும் அதிலேயே இருந்தது.

1990களின் நடுவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஓகீஃப் குழுவினர் ஜி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையை உருவாக்கினார்கள். பிறகு அது சிஸ்டினா நிறுவனத்தின் கைக்குப் போனது. 2003 டிசம்பரில் சிஸ்டினாவை வாங்குவதாக ரெட் ஹேட் அறிவித்தது. 2004ல் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2006ல் லினக்ஸ் 2.6.19 கெர்னலில் ஜி.எஃப்.எஸ்.2வும், பூட்டு மேலாளரான டி.எல்.எம்.மும் சேர்ந்தன. டெக் வகுத்த அதே ஆறு வகைப் பூட்டுகள் இங்கேயும் உண்டு!

இப்போது சிக்கலுக்கு வருவோம். ஜி.எஃப்.எஸ்.2 தன் பூட்டை 'ஜிலாக்' என்கிறது. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் உள்ள ஜிலாக்குகளின் பட்டியலை டீபக்.எஃப்.எஸ். வழியாக எழுத்து வடிவில் காட்டும். எந்தப் பூட்டு, அதைப் பிடித்திருப்பது எந்த ப்ராசஸ், காத்திருப்பது யார், எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது அந்த ஒரு சர்வரின் கதை மட்டுமே. இங்கே காத்திருப்பவன் தெரிவான்; பிடித்திருப்பவன் வேறு சர்வரில் இருப்பான். பூட்டின் எண் எல்லா சர்வர்களிலும் ஒன்றே என்பதால், எல்லாப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பொருத்தினால்தான் ஆள் சிக்குவான்.

ஒருமுறை எடுத்தாலும் போதாது. காத்திருப்பது தவறல்ல, வேலை அதிகமானால் எல்லோரும் காத்திருப்பார்கள். சில நொடிகள், நிமிடங்கள் இடைவெளி விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் அதே பூட்டு அதே ஆளிடம் அசையாமல் இருந்தால் சந்தேகிக்கலாம். அந்த ப்ராசஸ் கெர்னலுக்குள் எங்கே நிற்கிறது என்பதையும் கூடவே பதிவு செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் சேகரிக்கத்தான் 'ஜிஎஃப்எஸ்2 லாக்கேப்சர்' என்ற நிரல் பின்னாளில் வந்தது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பட்டியல்கள் டிஸ்க்கில் இல்லை, கெர்னலின் நினைவகத்தில் இருக்கின்றன. சர்வர் தொங்கியதும் பதற்றத்தில் ரீபூட் செய்தால் வேலை நடக்கும். ஆனால் அந்த சர்வரிடம் இருந்த சாட்சியம் அத்தோடு போய்விடும். அதே கோளாறு அடுத்த வாரம் திரும்பி வந்தால், மறுபடி முதலிலிருந்துதான் தேட வேண்டும். அதனால் நண்பர்களே, முதலில் பட்டியல், அப்புறம் ரீபூட்!