தலைக்கட்டும் திருக்கோயிலும்

இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அண்டை நகரங்களாகக் கொண்டு விளங்குவது சோழபுரம். இவ்வூர் அமைந்த தென்பாண்டி நாட்டில், ஊர்க்கோயில் திருவிழா நெருங்குங்கால் முதற்கண் எண்ணப்படுவது பொருளன்று, தலைக்கட்டே ஆகும். மணம் முடித்துத் தனிக்குடித்தனம் நடத்தும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி செல்வர்க்கும் வறியர்க்கும் பெரும்பாலும் ஒரே அளவினது. மிகுதியாகச் செய்ய விழைவோர்க்குக் கட்டளையும் மண்டகப்படியும் உள. எனவே அவ்வரி வெறும் பணமன்று; 'இக்குடும்பம் இவ்வூரைச் சார்ந்தது' என்று ஊரார் அளிக்கும் உறுதிமொழியாம்.

உறவென்பது குருதியால் மட்டும் அமைவதன்று என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரே சான்று. துளசி வனத்திற் கண்டெடுத்த குழந்தையைப் பெரியாழ்வார் தம் திருமகளாக வளர்த்தார் என்பர் ஆன்றோர். இன்றும் மார்கழிப் பகற்பத்து உற்சவத்தின் தொடக்கத்தில் ஆண்டாள், பெரியாழ்வார் வழியினரான வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருளுகின்றாள். பிறந்தகம் புகும் மகளைப் பச்சைக் காய்கறிகள் பரப்பி எதிர்கொள்வர். இதற்குப் 'பச்சை பரத்தல்' என்பது பெயர். ஒரு குடும்பத்தின் உரிமை இங்கே ஊர் முழுவதற்கும் உரிய மகிழ்ச்சியாகின்றது. ஆடிப்பூரத் தேரோ எந்த ஒரு குடும்பத்தாலும் அசைக்க இயலாதது. பல ஊராரும் வடம் பற்றினாலன்றி அது நிலை பெயராது.

ஆயினும், இத்தகைய உறவுக்கு ஒரு காலத்தில் வேலியிட்டிருந்தனர் என்பதை மறைத்தலாகாது. பிறப்பின் காரணமாகப் பல குடும்பங்கள் திருக்கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாதய்யர், விலக்கப்பட்டிருந்த மக்களுடன் மீனாட்சியம்மன் சந்நிதி புகுந்தார். 1947 ஆம் ஆண்டின் சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் அவ்வுரிமையை மாகாணம் முழுவதும் நிலைநாட்டிற்று. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே வந்தோரை உறவினராக ஏற்கும் பொறுப்பு ஊராருடையதே.

கும்பாபிஷேகத்தின்போது கலசநீர், நன்கொடையாளர் என்றும் ஏழையர் என்றும் பாராது அனைவர் தலைமீதும் தெளிக்கப்படுகின்றது. தலைக்கட்டு எண்ணுவோரும் அந்நீரின் நெறியையே பின்பற்றுதல் வேண்டும். கணவனை இழந்து தனித்து வாழும் அன்னையின் குடிலும் ஒரு தலைக்கட்டே. பிழைப்பு நாடி வந்து குடியேறியவர் இல்லமும் ஒரு தலைக்கட்டே. ஒரு வீடேனும் கணக்கில் விடுபடின், கோபுரம் எத்துணை உயர்ந்தும் திருப்பணி முற்றுப்பெற்றதாகாது. எண்ணிக்கை நிறைக, ஊர் ஒரு குடும்பமாய்த் தழைக்க!