உருளைத்தலையும் வால்வு இடைவெளியும்: தமிழகப் பேருந்துப் பராமரிப்பு வரலாற்றில் ஓர் அளவை

முன்னுரை

தமிழகப் பேருந்துப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாறாகவும் அரசுடைமையாக்கத்தின் வரலாறாகவும் எழுதப்பெறுகிறது. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றியதும், 1955இல் அது அசோக் லேலண்டு எனப் பெயர் மாறியதும், 1972இல் பல்லவன், சேரன், பாண்டியன் போக்குவரத்துக் கழகங்கள் அமைந்ததும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். ஆயின், ஆலையிலிருந்து வந்த எந்திரத்தைப் பல்லாண்டுகள் ஓடச் செய்தவை பணிமனைகளே. காஞ்சிபுரத்தின் தென்புறத்து ஓரிக்கையிலும் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை உள்ளது. இத்தகைய பணிமனைகளின் தொழிலறிவை வால்வு இடைவெளி என்னும் ஓர் அளவைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இடைவெளியின் காரணம்

ராக்கர் கரத்திற்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் இடையே விடப்படும் சிறு வெளியே வால்வு இடைவெளி. எந்திரம் சூடேறுகையில் வால்வு நீள்கிறது. இடைவெளி போதாதெனில் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது, அமுக்கம் குறையும், வெப்ப வாயு கசிந்து வெளியேற்று வால்வு கருகும். இடைவெளி மிகுந்தால் வால்வு தாமதமாகத் திறந்து விரைவில் மூடும், தட்டொலியும் எழும்.

கடைசலின் விளைவு

மிகைவெப்பத்தால் உருளைத்தலை வளைந்தால் அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்வர். புஷ்ராடு வகை எந்திரத்தில், சீவிய அளவுக்குத் தலை தாழ்வதால் ராக்கர் புஷ்ராடை நெருங்கி இடைவெளி சுருங்குகிறது. வால்வு இருக்கையைத் தேய்த்தாலும் வால்வு உள்ளமிழ்ந்து தண்டின் நுனி உயர்வதால் அதே விளைவு நேர்கிறது. ஆகவே கடைசலும் இடைவெளி அமைத்தலும் ஒரே பணியின் இரு கூறுகள். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள தொலைவும் குறைவதால், சீவுவதற்கு உற்பத்தியாளர் வரம்பு விதிக்கின்றனர். ஓர் உருளைத்தலையின் ஆயுளை அவ்வரம்பே முடிவு செய்கிறது.

சொல்லும் எண்ணும்

பட்டறை வழக்கில் இவ்விடைவெளி 'டேப்பட்' எனப்படுகிறது. கேம் மீது அமரும் உறுப்பின் பெயர் இடைவெளிக்கு ஆகிவந்துள்ளது. அளவையிலும் பழமை நின்றது. மெட்ரிக் முறை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தபோதும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய 'தவ்' பட்டறைப் பேச்சில் நீடித்தது. 10 தவ் என்பது 0.254 மில்லிமீட்டர்.

1-5-3-6-2-4 என்னும் எரிவரிசை கொண்ட ஆறு உருளை எந்திரத்தில், ஆறாம் உருளையின் வெளியேற்று வால்வு மூடி உள்ளிழுப்பு வால்வு திறக்கும் தருணத்தில் முதலாம் உருளையின் இடைவெளியை அமைக்கலாம். அவ்வாறே 5க்கு 2உம், 3க்கு 4உம் இணையாகும். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் 7. ஏட்டைப் புரட்டாமல் மனத்தில் வைத்து வேலை செய்யத்தக்க விதி இது.

முடிவுரை

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய பேருந்துகளின் பழுதறிதல் பெரிதும் மின்னணுக் கருவிகளைச் சார்ந்துள்ளது. 1972 வாக்கில் பணியேற்ற தலைமுறையும் ஓய்வுபெற்றுவிட்டது. செவியால் தட்டொலியையும் விரலால் ஃபீலர் கேஜின் இறுக்கத்தையும் அறிந்தோரின் வாய்மொழியைப் பதிவு செய்வதும், பணிமனைப் பதிவேடுகளைக் கழித்துக்கட்டாமல் காப்பதும் தமிழகத் தொழில்நுட்ப வரலாற்றாய்வின் உடனடிக் கடமைகள். அவையின்றி எழுதப்படும் பேருந்து வரலாறு, எந்திரத்தை வாங்கியோரை அறியும். அதை ஓடவைத்தோரை அறியாது.