கேள்விக்குப் பதில் எழுதிய சங்கங்கள்



இந்த நினைவுப் பேருரை யாருடைய பெயரால் நடக்கிறதோ, அந்த ஆசிரியர் எங்கள் மன்றத்தின் செயலாளராக இருந்தபோது பதினைந்து பைசா அஞ்சலட்டையில்தான் கூட்ட அறிவிப்பு எழுதுவார். மேல்பாதியில் நாள், நேரம், இடம் இருக்கும். போன கூட்டத்தில் யார் என்ன கேட்டார், அதற்கு என்ன முடிவானது என்பது கீழ்ப்பாதியில் இருக்கும். ஆத்தூர், ராசிபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு என்று ஊர் ஊராக அந்த அட்டைகள் போயின.

இப்போது எங்களிடம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களும் வீண் சச்சரவும் பெருகியதால், அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றினோம். மாற்றியது நாங்கள்தான். அதற்குப் பிறகு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான எங்கள் உறுப்பினர் ஒருவருக்குச் சம்பளத்தில் பிஎஃப் பிடித்தார்கள், ஆனால் கணக்கில் பணம் ஏறவில்லை. அதைக் கேட்க அவருக்குக் குழுவில் வழி இல்லை. போன் செய்தபோதெல்லாம் நாங்கள் ஏதோ ஒரு கூட்டத்தில் இருந்திருக்கிறோம். பல மாதம் கழித்து நேரில் பார்த்தபோது சொன்னார்: “நீங்க சொல்றது எங்களுக்கு வந்துருதுங்கண்ணா. நாங்க சொல்றதுதான் உங்களுக்கு வர்றதில்லீங்க.”

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நம் முன்னோர் நடத்திய சங்கங்களின் வரலாற்றைத் திரும்பப் படித்தோம். அதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

1884ல் தொடங்கிய சென்னை மகாஜன சபை, வழக்கறிஞர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் வணிகர்களும் கூடிய சங்கம். மாகாணத்து மக்கள் எல்லோருக்குமாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டது. 1892ல் அந்தச் சபையின் மாநாடு விக்டோரியா மண்டபத்தில் கூடியது. நீலகிரிப் பிரதிநிதியாக வந்த பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து, சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். கூட்டம் கூச்சலிட்டது. உங்கள் குலத்துக்குக் காட்டேரியும் மதுரை வீரனும் இருக்கிறார்களே என்று தஞ்சாவூர்ப் பிரதிநிதி ஒருவர் பதில் சொன்னதைப் பண்டிதரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் புறம்போக்கு நிலமும் கேட்டுத் தாருங்கள் என்றார் பண்டிதர். அதற்கு முந்தைய ஆண்டு, 1891 டிசம்பர் 1 அன்று, நீலகிரியில் கூடிய திராவிட மகாஜன சபை பத்துக் கோரிக்கைகளைத் தீர்மானித்துக் காங்கிரசுக்கு அனுப்பியிருந்தது. கடிதம் கிடைத்தது என்ற அளவோடு காங்கிரஸ் நிறுத்திக்கொண்டது.

எல்லோருக்குமான சபையில் நம் கேள்விக்கு இடம் இல்லை என்றான பிறகு நம்மவர்கள் தங்களுக்கான அச்சுக்குத் திரும்பினார்கள். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. மாத இதழ் சில மாதங்களில் வார இதழானது. அப்போது ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை பேசப்பட்டு வந்தது. அப்படி நடத்தினால் அதிகாரம் முழுவதும் ஆதிக்க சாதிகளின் கைக்கே போகும் என்று பறையர் மகாஜன சபை எதிர்த்தது. 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு லண்டன் பாராளுமன்றத்துக்குப் போனது. அந்த நிலைப்பாடு சரியா தவறா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. எழுத்தறிவு அரிதாக இருந்த மக்களிடம் 3,412 கையெழுத்து வாங்க வேண்டுமென்றால், யாரோ வீடுவீடாகப் போய் இதழைப் படித்துக் காட்டி, விளக்கி, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் பெயர் எதுவும் வரலாற்றில் இல்லை. சபை என்பது அவர்கள்தான்.

1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ ஆனது. புதன்தோறும் வெளிவந்த அந்த இதழில் வாசகர்கள் தங்கள் சங்கையை எழுதிக் கேட்பார்கள், பண்டிதர் தெளிவு எழுதுவார். திருமணச் சடங்கு பற்றியும் கேட்டார்கள், வரலாறு பற்றியும் கேட்டார்கள். 1898க்குப் பின் உருவான சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகளை இணைத்துப் பிடித்த கயிறு இந்த இதழ்தான். கோலார் தங்கவயலில் கிளை இருந்தது, ரங்கூனில் இருந்தது, தென்னாப்பிரிக்காவில் இருந்தது. 1911 வரை நம் சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்த திருப்பத்தூரிலும் இருந்தது.

1914 மே 5ல் பண்டிதர் மறைந்தார். அவர் மகன் சிறிது காலம் நடத்திய பிறகு இதழ் நின்றது. 1926ல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது தலைமையிடமான சென்னை அல்ல, கோலார் தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கச் சுரங்கத்துக்குப் போன தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. கேள்வி கேட்டுப் பழகிய கிளை, தலைவர் போன பின்னும் வேலையைத் தொடர்ந்தது.

இந்த வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனிவாசனின் தமக்கையோ தங்கையோ என்ற உறவுமுறையில் மைத்துனரானவர் பண்டிதர். இருந்தும் பெயர் பறையரா திராவிடரா என்ற கேள்வியில் இருவரும் இரு சபையாக நின்றார்கள். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்த பண்டிதர், சக்கிலியர், குறவர் போன்றோரை இரண்டாவது வரிசையில் வைத்தார். கேள்வி கேட்க இதழ் கொடுத்தவரே சிலரைக் கேள்வி கேட்கும் வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார். அந்த மக்களுக்காக 1920களில் எல்.சி. குருசாமி சட்டமன்றத்தில் பேச வேண்டியிருந்தது, இரவுப் பள்ளிகள் நடத்த வேண்டியிருந்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இது பழங்கதை அல்ல. இங்கே தலித் மக்களில் அருந்ததியர் பெருந்தொகையினர். 2009ல் தமிழகச் சட்டமன்றம் அவர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரசு வேலையில் பங்கு வேண்டும் என்பதை ஆதரித்துத் தீர்மானம் போட்ட எங்கள் மன்றத்தில், செயற்குழுவில் எத்தனை அருந்ததியர்? எத்தனை பெண்கள்? கணக்குப் பார்த்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பிஎஃப் பணத்தைப் பற்றிக் கேட்க முடியாமல் போன தோழர் சந்தா கட்டுகிறார், ஊர்வலத்துக்கு வருகிறார், பதாகை பிடிக்கிறார். முடிவெடுக்கும் மேசையில் மட்டும் அவர் இல்லை. அலுவலகத்தில் ரோஸ்டர் பதிவேட்டைக் காட்டு என்று போராடும் ஊழியர் சங்கத் தோழர்களும் தங்கள் சங்கத்தின் பதிவேட்டை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம்.

எங்கள் மன்றம் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. குழுவின் பூட்டைத் திறந்துவிட்டோம். வரும் கேள்விகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுகிறோம். பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும், பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது எழுத வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் அந்த நோட்டை வாசித்துத்தான் தொடங்கும். செயலாளர் பொறுப்பில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த செயலாளர் அருந்ததியர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற முன்மொழிவு பொதுக்குழுவுக்கு வருகிறது. அதை எதிர்ப்பவர்களும் நம் தோழர்கள்தான். அவர்கள் கேள்வியும் நோட்டில் ஏறும், அதற்கும் பதில் எழுதுவோம்.

அந்தத் தோழரின் பிஎஃப் பணம் இன்னும் வரவில்லை. வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அவர் கேள்விதான். பதில் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

ஜெய்பீம்.