சந்தேகத்தைச் சரக்காக்கிய வரலாறு

காலநிலை மாற்றம் பற்றிய பொய்த் தகவல்களில் பெரும்பகுதி ஒரே உத்தியில் நிற்கிறது. அறிவியலைப் பொய்யென்று நிரூபிக்கத் தேவையில்லை. அதன்மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டால் போதும். இந்த உத்தியின் தாய்வீடு அமெரிக்கப் புகையிலைத் தொழில்.

சிகரெட்டால் புற்றுநோய் வருகிறது என்ற ஆய்வுகள் பரவலாகப் பேசப்பட்ட 1953 டிசம்பரில், புகையிலை நிறுவனத் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் கூடினர். 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் அவர்களின் விளம்பரம் வெளிவந்தது. சிகரெட்தான் காரணம் என்பதற்குச் சான்றில்லை, மேலும் ஆராய நாங்களே பணம் தருகிறோம் என்றது அது. 1969-இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு, சந்தேகமே தங்கள் சரக்கு என்று எழுதியே வைத்தது.

இதே உத்தி பின்னர் காலநிலைக்கும் வந்தது. 1988 ஜூனில் நாசா அறிவியலாளர் ஜேம்ஸ் ஹேன்சன், புவி சூடாகி வருவதாக அமெரிக்க செனட் குழுவிடம் சாட்சியம் அளித்தார். மறு ஆண்டே நிலக்கரி, எண்ணெய், மோட்டார் நிறுவனங்கள் உலகக் காலநிலைக் கூட்டணியை அமைத்தன. பசுங்குடில் விளைவின் அறிவியல் அடிப்படையை மறுக்க முடியாது என்று அதன் சொந்த ஆலோசகர்களே 1995-இல் எழுதிக் கொடுத்தனர். வெளியிலோ கூட்டணி நிச்சயமின்மையைப் பேசிக்கொண்டே இருந்தது. 2002-இல்தான் அது கலைந்தது. எக்ஸான் எண்ணெய் நிறுவன அறிவியலாளர்கள் 1977 முதல் 2003 வரை செய்த வெப்பநிலைக் கணிப்புகளில் 63 முதல் 83 விழுக்காடு சரியாகவே அமைந்தன என்று 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. உண்மை தெரிந்தே மறைக்கப்பட்டதால் உலகம் இழந்த ஆண்டுகள் திரும்பி வாரா.

பொய்யின் வடிவங்கள் சிலவே. ஒன்று கையெழுத்து மனு. மனித உமிழ்வுகளால் புவி பேரழிவாகச் சூடாகும் என்பதற்குச் சான்றில்லை என்று 1998-இல் தொடங்கிய ஒரேகான் மனுவில் பின்னாளில் 31,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அவர்களில் காலநிலை அறிவியல் பயின்றவர் மிகச் சிலரே. மற்றொரு வடிவம் வரைபடம். கடும் எல் நினோவால் 1998 வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அந்த ஆண்டை முதல் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்து, வெப்பம் ஏறுவது நின்றுவிட்டது என்றார்கள். அதே வரைபடத்தை இடப்பக்கம் 1970 வரை நீட்டினால் கோடு மேலேறுவது கண்ணுக்குத் தெரியும். 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் 1998-ஐவிடச் சூடானது.

ஆய்வாளர் ஜான் குக் இவ்வடிவங்களை ஐந்தாக வகுத்து விளக்குகிறார்: போலி நிபுணர், தர்க்கப் பிழை, நிறைவேற்ற இயலாத எதிர்பார்ப்பு, பொறுக்கியெடுத்த தரவு, சதிக்கதை.

எதிர்கொள்ளும் முறையும் வளர்ந்துள்ளது. 2004-இல் அறிவியல் வரலாற்றாளர் நவோமி ஒரெஸ்கெஸ் காலநிலை மாற்றம் பற்றிய 928 ஆய்வுச் சுருக்கங்களைப் படித்து, மனிதச் செயலால் புவி சூடாகிறது என்ற அறிவியலாளரின் பொதுக் கருத்தை மறுத்தது ஒன்றுகூட இல்லை என்று காட்டினார். பொய் வந்து சேருமுன்பே அதன் உத்தியைச் சொல்லிவைப்பது தடுப்பூசிபோல் காக்கும் என்ற கருத்தை, உளவியலாளர் வில்லியம் மெக்குவையர் 1960-களில் முன்வைத்திருந்தார். பரவிவிட்ட பொய்க்கு இன்று பரிந்துரைக்கப்படும் வரிசை எளியது: முதலில் உண்மை, பிறகு ஒரே ஒருமுறை பொய், அது ஏமாற்றும் விதம், முடிவில் மீண்டும் உண்மை.