எப்படி வெட்டணும் சார்?

நெய்வேலியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நண்பர் வீட்டுக்குப் போயிருந்த இடத்தில், தலை காடாகிக் கிடந்ததால் மெயின் பஜார் பக்கம் ஒரு சலூனுக்குள் நுழைந்தேன். பெஞ்சில் எனக்கு முன்னால் நாலு பேர். நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்துவிட்ட ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிய சலூன்காரர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படி வெட்டணும் சார்?"

பரீட்சை ஹாலில்கூட நான் இப்படி முழித்ததில்லை. "ம்... மீடியமா வெட்டுங்க" என்றேன்.

"மீடியம்னா? சைடுல மெஷின் போடலாமா, கத்திரியா? மெஷின்னா ரெண்டா, மூணா? பின்னால ஸ்கொயரா, ரவுண்டா, டேப்பரா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த காலேஜ் பையன் மட்டும் மூச்சு விடாமல் சொன்னான்: "அண்ணே, லோ ஃபேட், மேல கை வைக்காதீங்க, தாடி லைன் மட்டும் போடுங்க." சலூன்காரரும் "சரி தம்பி" என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் யோசிக்க ஆரம்பித்தேன். தமிழ்நாட்டில், நிலக்கரி தோண்டும் ஊரில், ஒரு பையனும் ஒரு தொழிலாளியும் பேசிக்கொள்ளும் இந்தப் பாஷை எங்கிருந்து வந்தது?

முதலில் 'கிராப்பு'. இதைத் தமிழ் வார்த்தை என்றே நினைத்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். ஆங்கிலத்தில் 'கிராப்' என்றால் விளைச்சல். ஒட்ட வெட்டுவது என்றும் பொருள். அறுவடை செய்த வயல் மாதிரி தலை! இதற்குப் பின்னால் ஒரு வரி எதிர்ப்புக் கதையும் உண்டு.

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய மனிதர் என்றால் தலையில் நீண்ட முடியோ விக்கோ இருக்கும். அதன் மேல் வெள்ளைப் பவுடரும் கொட்டியிருக்கும். பவுடர் என்பது பெரும்பாலும் மாவுதான். 1795-ல் பிரான்ஸோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கஜானாவுக்குப் பணம் வேண்டும். பிரதமர் வில்லியம் பிட், தலைக்குப் பவுடர் போடுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு கினி வரி கட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். பெட்ஃபோர்டு கோமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. 'போடா, நீயும் உன் வரியும்' என்கிற பாணியில் பவுடரை விட்டொழித்து, முடியையும் ஒட்ட வெட்டிக்கொண்டார். நண்பர்களும் அவர் வழியில் போனார்கள். அதற்குப் 'பெட்ஃபோர்டு கிராப்' என்றே பெயர் வந்தது. 1798-ல் அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரர்களும் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் மாதிரி முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவர்களை 'கிராப்பி' என்று அழைத்தார்கள். ஆக, கிராப்பு பிறந்தபோது அது வெறும் ஸ்டைல் இல்லை. கொஞ்சம் திமிரும் கலந்திருந்தது.

அந்தக் கிராப்பு வெள்ளைக்காரர்களோடு கப்பலேறி இங்கே வந்தபோது, நம் ஆண்களின் தலையில் குடுமி இருந்தது. குடுமி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் முன்குடுமி, பின்குடுமி, உச்சிக்குடுமி என்று பல வகை. நெய்வேலியிலிருந்து சிதம்பரம் பஸ் பிடித்துப் போய் நடராஜர் கோயிலில் பாருங்கள். தீட்சிதர்கள் இன்றைக்கும் முன்குடுமியோடுதான் இருக்கிறார்கள். அன்றைக்குக் குடுமி இருக்கும் இடத்தைப் பார்த்தே ஆள் யார், எந்த வகுப்பு, எந்த வழக்கம் என்று சொல்லிவிடலாம். இப்போது ஆதார் கார்டு செய்கிற வேலையில் பாதியை அப்போது தலைமுடி செய்தது.

அந்த உலகத்தில் 'எப்படி வெட்டணும்?' என்று யாரும் கேட்கவில்லை. பிறந்தபோதே பதில் தீர்மானமாகிவிட்டது. கணவன் இறந்தால் சில வகுப்புகளில் பெண்ணுக்குத் தலையை மழித்தார்கள். இளம் பெண்களுக்கும் அதே கதிதான். அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

கிராப்பு இந்த அடையாள அட்டையைக் கத்தரித்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம், ஆபீஸ் உத்தியோகம், பட்டாளம் என்று வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் ஒவ்வொருவராகக் குடுமியை எடுத்தார்கள். வீட்டில் பாட்டிமார்கள் அழுதார்கள். அப்புறம் சினிமா வந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் பின்பக்கமாக வாரிவிட்டுக் கழுத்துவரை வளர்த்த முடிக்கு 'பாகவதர் கிராப்பு' என்று ஊரே பேர் வைத்தது. 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. கோயில் வழக்கமும் குல வழக்கமும் தீர்மானித்த தலையை இப்போது தியேட்டர் தீர்மானித்தது. எழுபதுகளில் ஹிப்பி, அப்புறம் ஸ்டெப் கட்டிங், எண்பதுகளில் பங்க், பிறகு ஸ்பைக் என்று பட்டியல் நீண்டது. வெயில் காலத்துக்கு சம்மர் கட், கண்டிப்பான அப்பாக்களுக்கு போலீஸ் கட்.

பெண்கள் பக்கம் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1920-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காதோரம் நின்ற 'பாப்' பெரிய ரகளையைக் கிளப்பியது. நம் ஊரில் பெண் முடியைக் குறைத்தாலே அபசகுனம் என்று பார்த்த காலம் வெகு தூரத்தில் இல்லை. இன்றைக்கு பியூட்டி பார்லரில் யூ கட், வீ கட், லேயர், பாய் கட் என்று கேட்டு வாங்குகிறார்கள். யூ, வீ என்பது முதுகுப் பக்கம் முடியின் அடி விளிம்பு எந்த எழுத்து மாதிரி இருக்கிறது என்பதுதான்.

சரி, அந்தப் பையன் பாஷைக்கு வருவோம். 1919-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் லியோ வால் என்பவர் கைக்கு அடக்கமான எலெக்ட்ரிக் கிளிப்பரை உருவாக்கினார். சலூனில் 'ர்ர்ர்' என்று காதோரம் பாடுகிறதே, அதன் முப்பாட்டன். அதன் முனையில் சீப்பு மாதிரி மாட்டும் பிளாஸ்டிக் துண்டுக்குத்தான் நம்பர். கணக்கு ரொம்ப சுலபம். ஒரு நம்பருக்கு அரைக்கால் அங்குலம். ஒண்ணாம் நம்பர் என்றால் 3 மில்லிமீட்டர். ரெண்டு என்றால் கால் அங்குலம், 6 மில்லிமீட்டர். நாலு என்றால் அரை அங்குலம், 13 மில்லிமீட்டர். மூணாம் நம்பர் எவ்வளவு என்று கீழ்வாய் இலக்கம் படித்த தாத்தாவைக் கேளுங்கள். "காலே அரைக்கால்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்.

'ஃபேட்' என்றால் மங்குவது. கீழே தோல் தெரிகிற அளவுக்கு ஒட்ட வெட்டி, மேலே போகப் போகக் கோடு தெரியாமல் முடியைக் கூட்டுவது. அமெரிக்கப் பட்டாளத்தின் ஒட்ட வெட்டு ஒரு பக்கம், கறுப்பின மக்களின் சலூன்கள் அதைக் கலையாக வளர்த்தது மறுபக்கம். லோ, மிட், ஹை என்பது அந்த மங்கல் காதோரமே முடிகிறதா, நெற்றிப்பொட்டு வரை போகிறதா, அதற்கும் மேலா என்பது. 'டேப்பர்' கொஞ்சம் சாது. கிருதாவிலும் பிடரியிலும் மட்டும் மெல்லக் குறையும். ஆபீஸ் போகிறவர்களுக்கு அதுவே போதும். 'அண்டர்கட்' என்றால் சைடில் ஒட்ட, மேலே நீளம், நடுவில் சமாதானமே கிடையாது.

இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் இந்த வார்த்தைகளைத் தெரிந்துகொள்வதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார யாருக்கு உரிமை?

1893-ல் தென்னாப்பிரிக்கா போன காந்தி, பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்காரர் சலூனுக்குப் போனார். கறுப்பு மனிதனுக்கு வெட்ட மாட்டேன் என்று அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள். காந்தி ஒரு கிளிப்பர் வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருமாதிரி தேறியது, பின்பக்கம் கோரம். கோர்ட்டில் நண்பர்கள், எலி கடித்துவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார்கள். இதைத் தன் சுயசரிதையில் சொல்லும் காந்தி, அந்த சலூன்காரரைத் திட்டவில்லை. கறுப்பர்களுக்கு வெட்டினால் அவருக்கு வாடிக்கை போய்விடும். நாமும் நம் ஊரில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கியவர்களுக்கு வெட்ட நம் நாவிதர்களை விடுவதில்லையே என்று கணக்கை நம் பக்கம் திருப்பினார்.

நம் கிராமங்களில் கதை அதுதான். அன்றைக்குக் கடை கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாவிதர் வீடு வீடாக வருவார். கொல்லைப்புறத்திலோ மரத்தடியிலோ வேலை நடக்கும். கூலி, அறுவடைக் களத்தில் நெல். காயத்துக்கு மருந்து போடுவதும் அவர்தான். அவர் வீட்டுப் பெண்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்தாள். ஊரையே பிறக்க வைத்த குடும்பத்தை ஊர் திண்ணைக்குக் கீழேதான் நிறுத்தியது. யாருக்கு வெட்டலாம், யாருக்குக் கூடாது என்பதை அவர் முடிவு செய்யவில்லை. ஊர் முடிவு செய்தது. வெட்டிக்கொள்ள முடியாதவருக்கும் அவமானம், வெட்டியவருக்கும் அவமானம்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஒரு விவாதம். கடைகளில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து. 'கடை' என்றால் அதில் சலூன் சேருமா என்று ஒரு கேள்வி எழுந்தது. கேட்டால் சின்ன சந்தேகம்தான். ஆனால் ஊர் நிலவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும் அதன் கனம். அம்பேத்கர் விளக்கினார்: கடை என்பதை விரிந்த பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டும்; தேடி வருகிறவர்களுக்குச் சேவை தருகிற இடமெல்லாம் அதில் அடங்கும். அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் வந்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது.

அடுத்த வருஷம், 1956-ல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது. சோவியத் நிபுணர்கள், ஜெர்மன் யந்திரங்கள், கேரளம், ஆந்திரம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். சுரங்கத்துக்காக அங்கிருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களின் வலி தனிக் கதை. இன்னும் முடியாத கதை. அந்தக் கிராமங்களின் திண்ணையும் மரத்தடியும்கூட மேல்மண்ணோடு போய்விட்டன. புதிதாக எழுந்த டவுன்ஷிப்பில் தெருக்களுக்குச் சாதிப் பெயர் இல்லை. வட்டம் 1, வட்டம் 2 என்று நம்பர்தான். குவார்ட்டர்ஸ் உத்தியோகத்தைப் பார்த்துக் கிடைத்தது. இதனால் நெய்வேலியில் சாதியே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள். ஆனால் சலூன் பெஞ்சில், முன்னால் வந்தவருக்கு முன்னால் என்பதுதான் கணக்கு.

எல்லா ஊரிலும் இது நடந்துவிடவில்லை. சட்டம் வந்து எழுபது வருஷம் ஆன பிறகும், தமிழ்நாட்டின் சில கிராமங்களில் தலித் இளைஞர்களுக்கு முடி வெட்ட மறுத்தார்கள் என்று செய்தி வருகிறது, வழக்கு பதிவாகிறது. 'ஃபேட்' பற்றி யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்ட பையன், அதை வெட்டிக்கொள்ள பஸ் ஏறி டவுனுக்குப் போகிறான்.

ஒரு வார்த்தை பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நம் கிராமங்களில் பல இடங்களில் நாவிதருக்குக் 'குடிமகன்' என்று பெயர். ஊருக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறவர் என்ற அர்த்தத்தில். 1950-ல் அரசியல் சட்டம் வந்தபோது இந்தியர் எல்லோருக்கும் அதே பெயர் கிடைத்தது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் குடிமகன், கத்திரி பிடித்திருப்பவரும் குடிமகன்.

"என்ன சார், யோசிச்சிட்டே இருக்கீங்க?"

சுதாரித்துக்கொண்டேன். "சைடுல மூணாம் நம்பர், மேல கத்திரி, பின்னால டேப்பர்" என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்தே பேசுகிற பாஷை மாதிரி.

"அப்படிச் சொல்லுங்க! தலையைக் கொஞ்சம் குனிங்க சார்."

குனிந்தேன். எனக்கு முன்னால் வந்த ஆபீசரும் அதே நாற்காலியில் இப்படித்தான் குனிந்தார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. துணியை உதறிவிட்டு அவர் பெஞ்சைப் பார்த்தார்.

"அடுத்தது யாருங்க?"